மூத்தோர் அனுப்பும் பெருந்தொகையை வங்கி ஒரு நாள் நிறுத்தி வைக்கலாமா?

தாமிரபரணி:
என் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்; வயது 71. சென்ற ஆண்டு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளி அழைப்பை நம்பி 18 லட்சம் ரூபாயை இழந்தார். அவருடைய ஆதார் எண்ணில் தொடங்கிய கணக்கு ஒன்றில் கறுப்புப் பணம் புழங்கியதாகச் சொன்னார்கள். காவல் சீருடையில் ஒருவர் திரையில் தோன்றினார், முத்திரையிட்ட நீதிமன்றக் கடிதம் ஒன்றும் வந்தது, பணத்தைச் 'சரிபார்ப்புக் கணக்கு'க்கு மாற்றினால் விசாரணை முடிந்ததும் திரும்ப வரும் என்றார்கள். இரண்டு நாள் கேமராவை அணைக்கவும் வீட்டில் யாரிடமும் பேசவும் விடவில்லை.

இப்படிக் காணொளி அழைப்பிலேயே ஒருவரைப் பிடித்து வைக்கும் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது என்பதைப் பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கவனமாக இரு என்று எனக்கு எடுத்துச் சொன்னவரே பெரியப்பாதான். ஆகவே விழிப்புணர்வு போதும் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. 60 வயது கடந்த ஒருவர், இதுவரை பணம் அனுப்பியே இராத கணக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல் அனுப்பினால், அந்தத் தொகையை வங்கி 24 மணி நேரம் கட்டாயமாக நிறுத்தி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

நேர்க்கோடு:
உங்கள் பெரியப்பாவுக்கு நேர்ந்தது கொடுமை. ஆயினும் இந்தக் கோரிக்கையை நான் எதிர்க்கிறேன். என் அம்மாவுக்கு வயது 66. திருப்பூரில் இன்றும் தையல் கூடம் நடத்துகிறார். புதிய நூல் வியாபாரி ஒருவருக்கு இரண்டு லட்சம் அனுப்ப வேண்டிய நாளில், வயதைக் காரணம் காட்டி அவருடைய பணத்தை அவரிடமிருந்தே தடுத்து வைப்பது நியாயமா? 59 வயதில் தொழில் தெரிந்தவராக இருந்த ஒருவரை, 60 பிறந்த அன்று சிறு பிள்ளையாக்கும் விதி இது.

மோசடி தொடங்குமிடம் செயலி; பணம் கடைசிக் கண்ணி. சீருடைப் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை அழைக்கும் எண்ணை வாட்ஸ்அப் நிறுவனம் ஏன் கண்டுகொள்வதில்லை? பொய்ச் செய்திகளால் உயிர்கள் பறிபோன பிறகு, 2018இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தார்களே. மனம் வைத்தால் செயலிக்குள்ளேயே தடுக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பழைய காசாளர்:
முப்பது ஆண்டுக்கு மேல் வங்கிக் கிளைகளில் பணியாற்றியவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பெரியப்பா பணத்தைக் கைபேசி வழியாக அனுப்பினாரா, கிளைக்கு நேரில் வந்தாரா? யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் அனுப்பலாம். 18 லட்சம் என்றால் வைப்புத்தொகையை முறித்து, பெருந்தொகையை வங்கிக்கு வங்கி அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறையில் அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் கவுன்ட்டரில் அவரிடம் யாராவது பேசினார்களா?

தாமிரபரணி:
நேரில்தான் வந்தார், ஐயா. இவ்வளவு பெரிய தொகை எதற்கு என்று எழுத்தர் கேட்டிருக்கிறார், வீட்டு மனை வாங்க என்று பெரியப்பா பதில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருடைய சட்டைப் பையில் இருந்த கைபேசியில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மனை என்று சொல்லும்படி கற்றுக்கொடுத்ததும், அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் மறுமுனையில் இருந்தவர்களே. 38 ஆண்டு பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று கற்பித்தவர் அங்கே நின்று பொய் சொன்னார். பணத்தைக் காட்டிலும் அதை நினைத்துத்தான் இன்றும் குமைகிறார்.

பழைய காசாளர்:
இதைப் படித்தபின் சிறிது நேரம் எழுத முடியவில்லை. கவுன்ட்டரில் கேள்வி கேட்டால் போதும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இடையே மூன்றாவது காது ஒன்று இருக்கும்போது எந்தக் கேள்வியும் பயன் தராது.

ஆனால், அம்மா, அதே காரணத்தால் உங்கள் 24 மணி நேரமும் போதாது. இரண்டு நாள் பிடித்து வைத்தவர்களால் மூன்றாவது நாளும் பிடித்து வைக்க முடியும். காத்திருக்கும் நேரத்தில் வெளியாள் ஒருவருக்குச் செய்தி போனால்தான் பயன் உண்டு. பணம் போய்விட்டால் நிலைமை இன்னும் கடினம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால் சில நேரம் தொகையை முடக்கிவிடலாம். தாமதித்தால் அது மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் பலவற்றுக்குப் பிரிந்து போயிருக்கும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அறியாமல் நடந்த பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் பாதுகாப்புத் தந்தது. தாமே கையெழுத்திட்டு அனுப்பியவருக்கு அதனால் பலனில்லை.

சிராங்கூன் வாசகி:
இங்கே சிங்கப்பூரில் இதே கேள்விக்குச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். 2025 ஜூலை 1 முதல், ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று காவல்துறை நம்புவதற்குக் காரணம் இருந்து, அவரை எவ்வளவு சொல்லியும் தடுக்க முடியாத நிலையில், அவருடைய கணக்கை 30 நாள் வரை கட்டுப்படுத்தும்படி வங்கிக்கு ஆணையிடலாம். அன்றாடச் செலவுக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறலாம். வயது இங்கே அளவுகோல் இல்லை.

நேர்க்கோடு அவர்கள் செயலிகளைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. 2024 டிசம்பரில் இங்கு நடைமுறைக்கு வந்த, மோசடி இழப்பை யார் ஏற்பது என்ற பொறுப்புப் பகிர்வு ஏற்பாடு வங்கிகளையும் தொலைபேசி நிறுவனங்களையும் மட்டுமே கட்டுப்படுத்துகிறது; செய்திச் செயலிகள் அதில் இல்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. அங்கும் செயலி நிறுவனம் எதுவும் தர வேண்டியதில்லை.

நேர்க்கோடு:
வெளியாளுக்குச் செய்தி போக வேண்டும் என்பதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருகிறது. அந்த வெளியாள் யார்? நம் வீடுகளில் அது பெரும்பாலும் மூத்த மகனாகவே இருக்கும். கணவரை இழந்த ஒரு தாய் தன் மகளுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்க நினைத்தால், அது மகனுக்குத் தெரியாமல் நடக்க வேண்டிய வீடுகள் எத்தனை என்று அனைவருக்கும் தெரியும். திருடனுக்கு அஞ்சி வீட்டுச் சாவியை இன்னொருவர் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். பிரிட்டனைப் போல வங்கி இழப்பை ஏற்கட்டும். தன் பணம் போகும் என்றால் வாடகைக் கணக்குகளை அதுவே தேடிக் களையும்.

தாமிரபரணி:
மகள் பற்றிய உங்கள் எடுத்துக்காட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஏற்கிறேன். எனவே வயதைக் கொண்டு கட்டாயப்படுத்துவதையும், எல்லாப் பரிமாற்றத்துக்கும் செய்தி அனுப்புவதையும் கைவிடுகிறேன். வைப்புத்தொகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். உங்கள் அம்மாவின் நூல் வியாபாரம் நடப்புக் கணக்கில் நடக்கிறது; அதை யாரும் தொட வேண்டாம். முதிர்வுக்கு முன் வைப்புத்தொகையை முறித்தால் மட்டும் ஒரு நாள் காத்திருப்பும், அவரே முன்பு எழுதிக்கொடுத்த ஒருவருக்கு அழைப்பும் இருக்கட்டும். அந்த ஒருவர் மகளாகவோ, தோழியாகவோ, பக்கத்து வீட்டாராகவோ இருக்கலாம். அவருக்குத் தடுக்கும் அதிகாரம் வேண்டாம், தெரிந்தால் போதும். எனக்கு ஓர் அழைப்பு வந்திருந்தால் பாளையங்கோட்டையிலிருந்து இருபது நிமிடத்தில் கிளைக்குப் போயிருப்பேன்.

நேர்க்கோடு:
விரும்பியவர்கள் மட்டும் எழுதிக்கொடுப்பது என்றால் எனக்கு மறுப்பில்லை.

சிராங்கூன் வாசகி:
விருப்பப் பூட்டு இங்கே இருக்கிறது. சேமிப்பில் ஒரு பகுதியை இணைய வழியில் எடுக்க முடியாதபடி நாமே பூட்டி வைக்கலாம்.

தாமிரபரணி:
விருப்பத்துக்கு விட்டால் பெரியப்பா எழுதிக்கொடுத்திருக்க மாட்டார். தாம் ஏமாறமாட்டோம் என்று உறுதியாக நம்பியவர் அவர்.

பழைய காசாளர்:
கேட்கும் நாளைப் பொறுத்தது அது. வைப்புத்தொகை போட வருகிறவர் நாமினி பெயர் எழுதும்போது, 'முன்கூட்டி முறித்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்' என்று அடுத்த வரியில் கேட்டால் பெரும்பாலோர் எழுதுவார்கள். வேண்டாம் என்பவர் கோடு போட்டுக் கையெழுத்திடலாம். பழைய வைப்புகளுக்கும் வழி உண்டு. மூத்த வாடிக்கையாளர்கள் ஒவ்வோர் ஏப்ரலிலும் வட்டியில் வரி பிடிக்காதிருக்கப் படிவம் கொடுக்க வருவார்கள். 15எச் என்றே அதை அழைத்துப் பழகிவிட்டோம். பேனா கையில் இருக்கும், அச்சம் இருக்காது, சட்டைப் பையில் யாரும் ஒட்டுக் கேட்க மாட்டார்கள். நான் பணியில் இருந்தபோது இது தோன்றவில்லையே என்று வருந்துகிறேன். எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப் போகிறேன். பெரியப்பா சம்மதித்தால், பெயர் சொல்லாமல் அவருக்கு நேர்ந்ததையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், அம்மா.