மளிகையெல்லாம் கண்ணாடிப் பாட்டிலில்: உங்க வீட்டுல எப்படிப் போகுது?

செங்காங் புதுவீடு:
வணக்கம். சிங்கப்பூர்ல புதுசா கட்டின பிடிஓ அரசு அடுக்குமாடி வீட்டுச் சாவி வாங்கியாச்சு, சமையலறை அலமாரியும் போட்டாச்சு. அரிசி, பருப்பு, மசாலா எல்லாத்தையும் ஒரே மாதிரி கண்ணாடிப் பாட்டில்ல போட்டு அடுக்கணும்னு வீட்டம்மாவுக்கு ஆசை. ஊர்ல இருந்து வந்திருக்கிற அத்தை எவர்சில்வர் டப்பாவைத் தவிர வேற எதையும் நம்ப மாட்டேங்கிறாங்க. நடுவுல நான். அழகான படங்கள் நிறையப் பார்த்தாச்சு. வருஷக்கணக்கா பயன்படுத்துறவங்க பேச்சுதான் வேணும். நல்லது கெட்டது ரெண்டும் சொல்லுங்க.

ஈசூன் அக்கா:
தம்பி, பாட்டிலை அப்புறம் பார்க்கலாம், முதல்ல மூடியைப் பாருங்க. நம்ம ஊர்க் காத்துல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல. விடியக்காலையில 90ஐத் தாண்டும். கண்ணாடிக்குள்ள ஈரம் நுழையாது, வர்றதெல்லாம் மூடி வழியாத்தான். இப்ப மூங்கில் மூடி போட்டு அழகா விக்கிறாங்களே, டிசம்பர் மழையில அதோட அடிப்பக்கத்தைப் பாருங்க, சாம்பல் கலர்ல பூசணம் படிஞ்சிருக்கும். துடைச்சுக் காய வெச்சா போகும், அடுத்த அடைமழைக்குத் திரும்ப வரும். எங்க வீட்டுல அப்பளம், முறுக்கு, மிளகாய்த்தூள் எல்லாம் கம்பிக் கொக்கியும் ரப்பர் வளையமும் உள்ள பாட்டில்லதான்.

வளையம் தொய்ஞ்சா பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம், வளையத்தை மட்டும் மாத்தலாம். தனியா கிடைக்குமான்னு வாங்கும்போதே கேட்டுக்குங்க. கடையில சொல்றதை நம்பாம, வீட்டுக்கு வந்ததும் தண்ணி ஊத்தி மூடி சிங்க்குல கவுத்துப் பாருங்க. கசிஞ்சா அது பட்டன், ஊசி நூல் வைக்கத்தான். அப்புறம், கண்ணாடி வாசம் பிடிக்காது, ஆனா ரப்பர் பிடிக்கும். பெருங்காயப் பாட்டில் வளையத்தை ஏலக்காய்ப் பாட்டிலுக்கு மாத்திடாதீங்க.

தேக்கா சனிக்கிழமை:
ரவையில் வண்டு வருகிறதே என்று பாட்டிலுக்கு மாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பல நேரம் வண்டு வெளியிலிருந்து வருவதில்லை. அரிசி வண்டு தானியத்தில் துளையிட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையை அடைத்துவிடும். கடையிலிருந்து நாம் தூக்கி வருவதே முட்டையோடுதான். அதை இறுக்கமான பாட்டிலில் கொட்டினால் வண்டுக்குப் பாதுகாப்பான வீடு கட்டிக் கொடுத்த கதையாகிவிடும்.

எங்கள் வீட்டில் அரிசி, ரவை, கடலை மாவு மூன்றும் வந்தவுடன் பையோடு ஃப்ரீசருக்குப் போகும். மைனஸ் 18 டிகிரியில் நாலு நாள் இருந்தால் முட்டையும் செத்துவிடும். அதன் பிறகு செய்வதுதான் முக்கியம்: பையைப் பிரிக்காமல் அப்படியே வெளியே வைத்து, குளிர் முழுக்கப் போன பிறகுதான் பாட்டிலில் கொட்ட வேண்டும். சில்லென்று இருக்கும்போது பிரித்தால் நம் ஊர்க் காற்று அதன்மேல் நீராகப் படியும், ரவை கட்டி தட்டிவிடும். காய்ந்த மிளகாய், வேப்பிலை போடுவதை நான் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் போடுவார். உள்ளே இருக்கிற முட்டையை அது ஒன்றும் செய்யாது. கண்ணாடியில் ஒரு லாபம் உண்டு. வண்டு வந்தாலும் பார்த்தவுடன் தெரியும், ஒரு பாட்டிலோடு நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் பை என்றால் ஓட்டை போட்டு அடுத்த பைக்குப் போய்விடும்.

தோ பாயோ பழசு:
நாங்க இதுக்குன்னு காசு கொடுத்துப் பாட்டில் வாங்கினதே கிடையாது. ஹார்லிக்ஸ் பாட்டில், காப்பித்தூள் பாட்டில், காயா ஜாம் பாட்டில், கழுவிக் காய வெச்சா முடிஞ்சுது. வேண்டாததைப் பழைய சாமான் எடுக்கிற காராங்குனிக்காரர் எடுத்துட்டுப் போவார். ஸ்டோர் ரூம்ல எங்கப்பா செஞ்சு வெச்சது இன்னும் இருக்கு: பலகைக்கு அடிப்பக்கம் மூடிகளைத் திருகாணி போட்டு வரிசையா அடிச்சிட்டு, பாட்டிலைக் கீழேயிருந்து திருகி மாட்டுறது. ஒண்ணுல ஆணி, ஒண்ணுல வாஷர், ஒண்ணுல பழைய ஒரு காசு நாணயம். 2002ல அதை வெளியிடுறதை நிறுத்தினப்போ சேர்த்து வெச்சது. பேரப்பிள்ளைங்க பார்க்க வருது!

பிடோக் மாமி:
நெய் காய்ச்சுறவங்க கவனிங்க. சாதாரணக் கண்ணாடி திடீர் சூட்டைத் தாங்காது. உள்பக்கம் சட்டுனு விரியும், வெளிப்பக்கம் அப்படியே நிக்கும், நடுவுல கீறல் விட்டுடும். கனமான பாட்டில் தாங்கும்னு நினைப்போம், அதுதான் முதல்ல போகும். கனம் கூடக்கூட சூடு பரவ நேரமாகும் இல்லையா. என் ஓர்ப்படி வீட்டுல ஒரு கிலோ வெண்ணெய் காய்ச்சின நெய்யும் தரைக்குப் போச்சு, துடைச்சு முடிக்க மத்தியானம் ஆச்சு. நெய் கைபொறுக்குற சூட்டுக்கு வந்தப்புறம் ஊத்துங்க. பாட்டிலை கிரானைட் மேடையில வைக்காம மரப்பலகையில வைங்க. போரோசிலிகேட்னு போட்டிருக்கிறது சூடு தாங்கும், விலையும் கூட.

ஊறுகாய்க்கு இரும்பு மூடி வேண்டவே வேண்டாம். உப்பும் புளிப்பும் சேர்ந்து துருவாக்கிடும்.

உட்லண்ட்ஸ் வாசி:
பாட்டில்ல மணி பிளான்ட் வளர்க்கிறவங்க இருக்கீங்களா? எங்க புளோக்குல டெங்கி வந்தப்போ வீடு வீடா சோதிக்க வந்தாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் தண்ணியை ஒழுங்கா மாத்துறவர்தான், ஆனாலும் புழு இருந்துச்சு. ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்கு மேல, பாட்டில் சுவத்துல ஒட்டி வைக்கும். தண்ணியைக் கொட்டினா மட்டும் போகாது. காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி மாத்துறப்போ உள்சுவத்தை பிரஷ் போட்டுத் தேய்க்கணும், வேரையும் அலசணும்.

ஜூரோங் தம்பி:
சமையலறை விஷயம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்பாவின் காது கேட்கும் கருவி வியர்வையிலும் ஈரத்திலும் அடிக்கடி மக்கர் செய்தது. இப்போது இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அகல வாய் கண்ணாடிப் பாட்டிலில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுக்கு மேல் ஒரு துணி போட்டு வைக்கிறோம். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். ஓவனில் 120 டிகிரியில் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். அப்பாவே பாட்டிலைப் பார்த்து “பச்சையாயிடுச்சுடா” என்று குரல் கொடுப்பார்.

அங் மோ கியோ 2 ரூம்:
எல்லாரும் கண்ணாடிக்கே ஓட்டுப் போடுறீங்க. நான் அத்தை பக்கம். எங்க சமையலறை மேற்குப் பார்த்தது. சன்னலோரம் கண்ணாடியில வெச்ச மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் வெளுத்துப் போகும், எவர்சில்வர் டப்பாவுல இருக்கிறது அப்படியே இருக்கும். எனக்கு முட்டிவலி, கைவலி. 3 கிலோ அரிசி போட்ட கண்ணாடிப் பாட்டிலைத் தலைக்கு மேல இருந்து இறக்கிப் பாருங்க, தெரியும். துவரம்பருப்பா கடலைப்பருப்பா, ரவையா இடியாப்ப மாவான்னு பணிப்பெண்ணுக்குத் தெரியணும்னா கண்ணாடி நல்லது, ஒத்துக்கிறேன். அதை இடுப்பு உயரத்துக்குக் கீழ வைங்க. மசாலாவை அத்தைகிட்ட விட்டுடுங்க.

தேக்கா சனிக்கிழமை:
அங் மோ கியோ அக்கா சொல்வது சரி. இன்னொன்று, உடைந்த பாட்டிலைச் சும்மா குப்பைக் குழாயில் போடாதீர்கள். கீழே அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். செய்தித்தாளில் தடிமனாகச் சுற்றிப் போடுங்கள். உடையாததைக் கழுவி மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடலாம். கண்ணாடி எரியாது. எரிஉலைக்குப் போனாலும் சாம்பலோடு குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்குத்தான் போய்ச் சேரும். 1999இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

செங்காங் புதுவீடு:
எல்லாருக்கும் நன்றி. அத்தைகிட்ட அங் மோ கியோ அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. மசாலா எவர்சில்வர்ல, பருப்பு கண்ணாடியில, அதுவும் கீழ்த்தட்டுல. வீட்டம்மா இன்னும் பேசலை. ஈசூன் அக்கா, ஏற்கெனவே வாங்கின மூங்கில் மூடி பாட்டில் ஒரு டஜன் இருக்கு. அதுக்குப் பொருந்துற மாதிரி ரப்பர் வளையத்தோட வேற மூடி எங்கேயாவது கிடைக்குமா?

ஈசூன் அக்கா:
வாய் அளவை மில்லிமீட்டர்ல அளந்து போடுங்க தம்பி, உள்விட்டம். ஒரு பாட்டிலைக் கையோட எடுத்துட்டு முஸ்தஃபா பாத்திரப் பகுதிக்கோ டைசோவுக்கோ போய்ப் பொருத்திப் பார்க்கிறது இன்னும் நல்லது. கிடைக்கலைன்னா மூங்கிலைச் சுத்தி இருக்கிற சிலிகான் வளையம் மட்டும் நல்லா இருக்கான்னு பாருங்க, சர்க்கரைக்கும் டீ பாக்கெட்டுக்கும் அது போதும்.