விவிடி இன்ஜின் (ஓட்டத்துக்கு ஏத்த மாதிரி வால்வு திறக்குற நேரத்தையோ அளவையோ மாத்திக்கற இன்ஜின்) வச்சிருக்கவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க: பவர், மைலேஜ், புகை எல்லாம்

நான் ஆரம்பிக்கிறேன். என்கிட்ட இருக்கது யமஹா ஆர்15 வி3, 155 சிசி. இதுல இருக்க விவிஏவை (யமஹா இந்த டெக்னிக்குக்கு வச்ச பேர்) சும்மா விளம்பரம்னு சொல்றவனும் இருக்கான், 7400 ஆர்பிஎம் தாண்டினா ராக்கெட்னு சொல்றவனும் இருக்கான். எனக்கு அது புரிஞ்சது கொல்லிமலை ஏறும்போதுதான். 70 கொண்டை ஊசி வளைவு, பின்னாடி ஆள் வேற, முக்காவாசி ரெண்டாவது கியர்தான். ஃப்ரெண்டோட விவிஏ இல்லாத பழைய வி2ல வளைவுல ஆர்பிஎம் இறங்கிட்டா முக்கும், ஃபர்ஸ்டுக்கு இறக்கியே ஆகணும், இதுல பாட்டுக்கு இழுத்துட்டுப் போகுது. மீட்டர்ல விவிஏன்னு லைட் எரியறது மலைல எப்பவாவதுதான், ஆனா லாபமே அந்த லைட் எரியாத நேரத்துலதாங்க இருக்கு. காத்தும் பெட்ரோலும் உள்ள போற இன்டேக் வால்வுக்கு ரெண்டு கேம் (வால்வைத் தள்ளித் திறக்கற மேடு), ஒண்ணு வால்வைக் கம்மியா திறக்கும், இன்னொண்ணு நல்லா திறக்கும், 7400 வந்ததும் சொலினாய்டு (கரண்ட்ல நகர்ற சின்ன காந்தம்) ஒரு பின்னைத் தள்ளி பெரிய கேமோட ராக்கரை (வால்வை அழுத்துற கையை) சேர்த்து விட்டுடும். ஒரே கேம்னா டாப் ஸ்பீடுக்கு செட் பண்ணினா கீழ சோப்ளாங்கி, கீழுக்கு செட் பண்ணினா மேல மூச்சு வாங்கும், அதான் விஷயம்.

---

தம்பி சொன்னது சரி. நான் கோயம்புத்தூர்ல ஷெட் வச்சிருக்கேன், கார் வேலைதான். பைக்ல வர்றது வால்வு திறக்குற அளவை மாத்துறது, கார்ல நாங்க அதிகமா பாக்குறது கேமையே முன்ன பின்ன திருப்புறது, திருப்பி விடுறது இன்ஜின் ஆயில் பிரஷர்தான். போன மழைக்கு ஒரு ஹேட்ச்பேக் வந்துச்சு, கம்பெனி பேர் வேண்டாம். சிக்னல்ல நின்னா ஸ்டியரிங் கையில நடுங்குது, பிக்கப் இல்ல, மைலேஜ் கொட்டுது, செக் இன்ஜின் லைட் வேற. ஏற்கனவே ஒரு இடத்துல பிளக், காயில், த்ரோட்டில் கிளீனிங்னு பில்லு போட்டு அனுப்பிட்டாங்க. ஸ்கேனர் போட்டா பி0011ங்கற கோளாறு கோடு, அதாவது இன்டேக் கேம் கம்ப்யூட்டர் கேட்டதைவிட முன்னாடி போய் நிக்குது. கேமைத் திருப்புற ஆயிலைத் திறந்து மூடுற ஆயில் கண்ட்ரோல் வால்வைக் கழட்டினேன், விரல் நீளந்தான் இருக்கும், அதோட ஜல்லடை முழுக்க தார் மாதிரி ஆயில் கசடு. உள்ள நகர்ற ஸ்பூல் பாதில மாட்டிட்டு நிக்குது. கார்ப் கிளீனர் அடிச்சு, பேட்டரில ஒரு தொடு தொட்டா டக்னு நகரணும், நகந்துச்சு.

புதுசா வேலை கத்துக்கறவங்களுக்கு ஒண்ணு, வால்வு மாட்டின அப்புறம் வண்டியை ஐடிலிங்ல விட்டு அந்த வால்வுக்கு நேரடியா 12 வோல்ட் ஒரு செகண்டு கொடுங்க, இன்ஜின் தடுமாறி ஆஃப் ஆகப் பாத்தா சிஸ்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம். கேம் முழுசா முன்னாடி போனா எக்ஸாஸ்ட் வால்வு மூடுறதுக்குள்ள இன்டேக் திறந்துடும், எரிஞ்ச கேஸ் உள்ளயே தங்கிடும், ஐடிலிங்ல அதை இன்ஜின் தாங்காது.

---

அண்ணா ஒரு டவுட், எரிஞ்ச கேஸ் உள்ள தங்கினா கெடுதல்னு சொல்றீங்க, ஆனா அதே ஓவர்லேப் (ரெண்டு வால்வும் ஒரே நேரத்துல திறந்திருக்கறது) வச்சுதான் புகையைக் குறைக்கறாங்கன்னு காலேஜ்ல சொன்னாங்க. அப்புறம் என் கார்ல அந்த ஆயில் கண்ட்ரோல் வால்வு சிக்கி நின்னப்ப கூட புகை டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சே?

---

எமிஷன் லேப்ல இருக்கேன், இதுக்கு நான் சொல்றேன். ரெண்டும் சரிதான், எப்போங்கறதுலதான் வித்தியாசம். ஐடிலிங்ல ஓவர்லேப் கம்மியா இருக்கணும், ரோட்ல மிதமா ஆக்சிலரேட்டர் வச்சு ஓட்டும்போது வேணும்னே கூட்டுவாங்க. எரிஞ்ச கேஸ் கொஞ்சம் திரும்ப உள்ள வந்தா சிலிண்டர் சூடு குறையும், சூடு குறைஞ்சா நைட்ரஜன் ஆக்சைடு குறையும், எரியாம தப்பிச்ச ஹைட்ரோகார்பனுக்கும் இன்னொரு தடவை எரிய சான்ஸ். தனியா இஜிஆர் வால்வு (எரிஞ்ச கேஸைத் திரும்ப உள்ள அனுப்புற வால்வு) இல்லாம பல பெட்ரோல் வண்டி சமாளிக்கறது இப்படித்தான். இன்டேக் வால்வை லேட்டா மூடினா காத்து இழுக்க இன்ஜின் படற பாடு குறையும், மைலேஜ் வரும், பவர் கொஞ்சம் போகும். 1997ல வந்த ப்ரியஸ்ல டொயோட்டா பண்ணினது அதுதான், போன பவரை மோட்டார் ஈடு கட்டிடும்.

நீங்க பாஸ் ஆனதுல ஆச்சரியமே இல்ல. நம்ம ஊர் புகை டெஸ்ட்ல பெட்ரோல் காருக்கு முக்கியமா பாக்கறது கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்தான், அதுவும் வண்டி நின்ன இடத்துல. நைட்ரஜன் ஆக்சைடு அதுல கிடையவே கிடையாது. மிச்சத்தை சைலன்சர் பாதைல புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் அடக்கிடும். விவிடி போச்சுன்னா அந்த டெஸ்ட் சொல்லும்னு நம்பாதீங்க, என்னைக் கேட்டா அந்த சர்டிபிகேட் போலீஸ் கேட்டா காட்டத்தான்.

---

கோயம்புத்தூர் அண்ணா, அந்த வண்டில கசடு எப்படி வந்துச்சு? எனக்கும் விவிடி கார்தான், 5டபிள்யூ-30 ஆயில் ஊத்தச் சொல்லி புக்ல இருக்கு, தெரிஞ்ச மெக்கானிக் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்து இன்ஜின் சத்தம் குறையும்ங்கறார்.

---

வேண்டாம்ப்பா. அந்த வண்டிக்காரர் டவுன்குள்ளயே சின்னச் சின்ன ஓட்டம், கிலோமீட்டர் ஏறலன்னு வருஷக்கணக்கா ஆயிலே மாத்தல, டிப்ஸ்டிக் எடுத்தா கருப்பா இழுபடுது. கெட்டி ஆயில் ஊத்தினா காலைல குளிர்ந்த இன்ஜின்ல அந்த ஜல்லடை வழியா மெதுவாதான் போகும், கேம் சொன்ன நேரத்துக்குத் திரும்பாது, பி0011 தானா வந்து நிக்கும். புக்ல போட்ட கிரேடையே ஊத்து, வருஷம் ஒரு தடவை மாத்து. வால்வைக் கழட்டினா ஓ-ரிங் புதுசு போடச் சொல்லு, பழசையே திருப்பி மாட்டினா ஆயில் கசிஞ்சு ஆல்டர்னேட்டர் மேல சொட்டும்.