மாசூட்டலா, துளையூட்டமா?

அண்ணாச்சி, ஒரு பொருளின் மின்கடத்தலை மாற்ற அணுக்களைக் கொஞ்சம் சேர்ப்பதையோ மாற்றுவதையோ குறிக்கும் டோப்பிங்குக்கு (doping) பாடப்புத்தகத்தில் உள்ள 'மாசூட்டல்' என்பதையே, குளிர்வித்தால் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்திக்கும் (superconductor) வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். சிலிக்கானுக்கு அது சரி, பல லட்சம் அணுவுக்கு ஒன்று என்று வேற்று அணு நுழைகிறது, மாசு என்றால் பொருந்துகிறது. மற்ற மீக்கடத்திகள் அளவுக்குக் குளிர்விக்கத் தேவையில்லாத உயர்வெப்ப மீக்கடத்திக்கு அது ஒத்துவராது.

இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடை எடுங்கள். வாய்பாட்டில் ஆக்சிஜன் 6 என்றால் அது மின்சாரமே கடத்தாது. 7-ஐ நெருங்கினால் 92 கெல்வினில் (சுமார் மைனஸ் 181 டிகிரி செல்சியஸ்) மின்தடை சுத்தமாகப் போய்விடும், 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே குளிர்விக்கப் போதும். பொடியை அழுத்திச் சுட்ட வில்லையை ஆக்சிஜன் ஓட்டத்தில் மெள்ள ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு உலையிலிருந்து உருவிவிட்டால் பார்வைக்கு அதே கறுப்பு வில்லைதான், ஆனால் வெள்ளிப்பசையால் நாலு கம்பி ஒட்டி அளந்து பாருங்கள், குளிரக் குளிர மின்தடை ஏறிக்கொண்டே போகும். மீக்கடத்தலுக்கே காரணமான ஆக்சிஜனை மாசு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

1986இல் இயற்பியலாளர்கள் பெட்நார்ட்ஸும் முல்லரும் கண்டதும் இதே கதைதான், கடத்தாத லாந்தனம் செம்பு ஆக்சைடில் கொஞ்சம் லாந்தனத்துக்குப் பதில் பேரியம் போனதும் 30 கெல்வினைத் தாண்டியே மீக்கடத்தல் தொடங்கியது. இரண்டிலும் படிகத்தில் அடுக்காக உள்ள செம்பு-ஆக்சிஜன் தளத்துக்குப் போய்ச் சேர்வது துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னூட்டம் போல நகரும் காலியிடங்கள். அதனால் 'துளையூட்டம்' என்கிறேன், சுருக்கமாக ஊட்டம். எலக்ட்ரானைச் சேர்க்கும் வகையும் உண்டு, அதற்கு எலக்ட்ரானூட்டம். மின்னூட்டத்தோடு குழம்பும் என்றொரு ஆட்சேபம் வந்தது. இங்கே ஊட்டுவதே மின்னூட்டத்தைச் சுமந்து செல்வதைத்தானே, அந்த உறவு தெரிந்தால் நல்லதுதான்.

இன்னொரு வசதி, இதிலிருந்து மூன்று சொல் தானாக வரும். அம்பாசமுத்திரம் பக்கம் நெல்லுக்கு யூரியா போடுகிற எவருக்கும் தெரியும், குறைந்தால் பயிர் வெளுக்கும், அள்ளிப் போட்டால் கதிர் பிடிக்கிற நேரத்தில் சாய்ந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். ஒரு செம்பு அணுவுக்கு 0.05 துளை வாக்கில் மீக்கடத்தல் தொடங்கி, 0.16இல் உச்சிக்கு ஏறி, 0.27 வாக்கில் மறைந்துவிடுகிறது. ஆக, குறையூட்டம், உகந்த ஊட்டம், மிகையூட்டம்.

மின்தடை அளவீட்டிலேயே மூன்றும் தனித்தனியாகத் தெரியும். உகந்த ஊட்டத்தில் வெப்பநிலை குறையக் குறைய மின்தடை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்கோட்டில் இறங்கி, சட்டென்று பூஜ்யம் ஆகும். அந்த நேர்கோடு ஏன் என்பது இன்றுவரை தீராத கேள்வி. மிகையூட்டத்தில் கோடு மேல்நோக்கி வளைந்து, சாதாரண உலோகத்தின் சாயல் வரும். இத்தனைக்கும் மீக்கடத்தலுக்கு முந்தைய நிலையில் இவை செம்புக்குக் கிட்டேகூட வராத மோசமான கடத்திகள், அந்தச் செம்போ எவ்வளவு குளிர்வித்தாலும் மீக்கடத்தி ஆனதில்லை.

குறையூட்டத்தில்தான் சிக்கல். மீக்கடத்தல் வெப்பநிலைக்கு வெகு மேலேயே ஓர் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் நிலைகள் அருகிப்போகும் பகுதி) திறக்கத் தொடங்கி, மின்தடைக் கோடு நேர்கோட்டை விட்டுக் கீழே இறங்குகிறது. அதை 'போலி இடைவெளி' (pseudogap) என்று எழுதுகிறார்கள். அளவீட்டில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒன்றைப் போலி என்பது எனக்கு ஒப்பவில்லை. 'அரைகுறை இடைவெளி' என்றால் முழுதாகத் திறக்காததையாவது சொல்லும், ஆனால் சொல் நீளம். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள் அண்ணாச்சி.