மறு: சில்லுப் பொதிக்குள் பிறக்கும் தொல்லைகள் – ‘மின் குறுக்கீடு’ ஒன்றே போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

பர்கூர் ஐயா அனுப்பிய மின்னணுவியல் கலைச்சொல் வரைவுப் பட்டியலைப் பார்த்தேன். ‘கிராஸ்டாக்’ (ஒரு கம்பியின் தொல்லை பக்கத்துக் கம்பிக்குத் தாவுவது), ‘கிரவுண்ட் பவுன்ஸ்’ (சில்லின் சுழி மட்டமான கிரவுண்டு துள்ளுவது), ‘சப்ளை நாய்ஸ்’ (மின்வழங்கல் அலைபாய்வது) மூன்றுக்கும் எதிரே ‘மின் குறுக்கீடு’ என்றே போட்டிருக்கிறார். மூன்றும் தொல்லைதானே, ஒரே சொல் இருந்தால் மாணவருக்குச் சுமை குறையும் என்பது அவர் வாதம். எனக்கு உடன்பாடில்லை. மூன்றும் வரும் வழி வேறு, தீர்க்கும் வழியும் வேறு. பெயரைக் கேட்டதும் எங்கே கை வைப்பது என்று தெரியாவிட்டால் அந்தச் சொல் பட்டியலில் கிடக்கும், பணிமேசைக்கு வராது.

போதாததற்குக் ‘குறுக்கீடு’ என்பதைப் பள்ளி இயற்பியல் எடுத்துக்கொண்டுவிட்டது. யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்குக் ‘குறுக்கீட்டு விளைவு’ என்றால் பொலிவும் கருமையுமான பட்டைகள்தான். வெளியிலிருந்து அலையாக வந்து தாக்குவதற்கு ‘மின்காந்தக் குறுக்கீடு’ நிலைத்துவிட்டது, இருக்கட்டும். பொதிக்குள்ளேயே பிறப்பவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும்.

முதலில் பொதி, அதாவது ‘பேக்கேஜ்’. இருவர் ‘உறை’ என்று எழுதியிருந்தார்கள். உறை என்றால் சும்மா மூடி வைப்பது என்ற எண்ணம் வந்துவிடும். ஐசியின் (ஒருங்கிணைந்த சுற்றின்) கறுப்பு எபாக்சிப் பிசினுக்குள் சில்லு மட்டுமா இருக்கிறது? சில்லிலிருந்து வெளியே நீளும் உலோகக் காலுக்குப் போகும் தங்கக் கம்பியோ செப்புக் கம்பியோ இருக்கிறது. பெரும்பாலும் 25 மைக்ரோமீட்டர் விட்டம், தலைமுடியைவிட மெலிது. அது போய்ச் சேரும் உலோகச் சட்டம் இருக்கிறது. கம்பி ஒரு மில்லிமீட்டர் நீண்டால் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் மின்தூண்டல் எண் ஏறத்தாழ ஒரு நானோஹென்றி கூடும். அடுத்தடுத்த கால்களுக்கு நடுவே சிறு மின்தேக்குத்திறனும் உண்டு. இவை எதையும் சுற்று வரைந்தவர் வரையவில்லை, ஆனாலும் வேலை செய்கின்றன. மூடி என்று நினைப்பவர் இவற்றைக் கணக்கில் எடுக்கவே மாட்டார். ஆகவே ‘பொதி’. ‘சிப்பம்’ நல்ல சொல்தான். ஆனால் கிருஷ்ணகிரி கடைவீதியில் சிப்பம் என்று கேட்டால் அரிசி மூட்டையைத்தான் தூக்கி வைப்பார்கள்.

அடுத்தது ‘கிரவுண்ட் பவுன்ஸ்’. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பழைய 20 கால் டிடிஎல் (டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் லாஜிக்) வகை ஐசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், 74374 போல. கிரவுண்டு 10-ஆம் கால், மின்வழங்கல் 20-ஆம் கால், இரண்டும் மூலையில். நீளவாட்டுப் பொதியில் மூலைக் கால்தான் சில்லிலிருந்து மிகத் தொலைவு, ஆகவே தூண்டல் எண்ணும் அதற்கே அதிகம். அதைப் 10 நானோஹென்றி என்று வைப்போம். எட்டு வெளியீடுகளும் ஒரே நொடிப்பில் உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கு இறங்குகின்றன. ஒவ்வொன்றும் 2 நானோநொடியில் 10 மில்லிஆம்பியர் கூட்டுகிறது. மொத்தம் 80 மில்லிஆம்பியர், அந்த ஒற்றைக் கால் வழியாகவே போயாக வேண்டும். தூண்டல் எண்ணை மின்னோட்டம் மாறும் வீதத்தால் பெருக்குங்கள்: 0.4 வோல்ட். டிடிஎல்லில் தாழ்நிலை வெளியீடு 0.4 வோல்ட்டுக்கு மேல் போகாது, அடுத்த ஐசி 0.8 வோல்ட் வரை தாழ்நிலை என்று ஏற்கும். நடுவே இருந்த 0.4 வோல்ட் இடைவெளி முழுவதும் போயிற்று. வெளியே சுற்றுப் பலகையில் கிரவுண்டு அசையாமல் இருக்கிறது. சில்லு தன் கிரவுண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடம் மேலேறிவிட்டது. அசையாமல் சுழியில் இருக்க வேண்டிய வெளியீடும் கூடவே ஏறிக் குதிக்கிறது.

இதற்குத் ‘தரைத் துள்ளல்’ என்று முன்பு ஒருவர் எழுதினார். துள்ளல் சரி, தரைதான் இடிக்கிறது. மண்ணில் குழி வெட்டிப் புதைக்கும் எர்த்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. எர்த்துக்குப் ‘புவித்தொடுப்பு’ இருக்கிறது. சில்லுக்கு வேண்டியது எதிலிருந்து அளக்கிறோமோ அந்த மட்டம். கொத்தனார் மட்டம் பார்க்கிறாரே, அதே மட்டம். அதனால் ‘அடிமட்டத் துள்ளல்’ என்று முன்வைக்கிறேன். கட்சிக்கூட்ட வாடை கொஞ்சம் அடிக்கிறது என்பது தெரியும்.

பெயர் இப்படி அமைந்தால் தீர்வும் அதிலேயே தெரிகிறது: அடிமட்டத்துக்குப் போகும் வழியைக் குறுக்க வேண்டும், அல்லது பல வழிகள் திறக்க வேண்டும். 1980-களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் வேகமான சீமாஸ் (டிடிஎல்லுக்குப் பதிலாக வந்த இன்னொரு வகை) ஐசி வரிசையில் கிரவுண்டையும் மின்வழங்கலையும் மூலையிலிருந்து நடுக்கால்களுக்கு மாற்றியது இதற்காகத்தான். பழைய பலகைகளில் பொருந்தாது என்று எதிர்ப்பு இருந்தும் செய்தார்கள். ஐபிஎம் 1960-களிலேயே சில்லைக் கவிழ்த்துப் பற்றாசு (சால்டர்) மணிகளால் நேரே ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. கம்பியே இல்லையென்றால் கம்பியின் தூண்டல் ஏது? இன்றைய செயலிகளின் அடியில் நூற்றுக்கணக்கான மணிகள் மின்வழங்கலுக்கும் கிரவுண்டுக்குமே ஒதுக்கப்பட்டிருப்பதைப் புதிதாக வரும் பையன்கள் வீண் என்று நினைக்கிறார்கள்.

‘கிராஸ்டாக்’ எளிது. ‘குறுக்குப் பேச்சு’ அகராதிகளில் இருக்கிறது. தொலைபேசி டிரங்க் கால் காலத்தில் நம் பேச்சுக்கு நடுவே வேறு யாரோ மாட்டு விலை பேசியதைக் கேட்டவர்களுக்கு அது புரியும். இன்றைய பையனுக்குப் புரியாது. நான் சொல்வது ‘அண்டைத் தூண்டல்’. ஒரு கம்பியில் மின்னோட்டம் மாறினால் பக்கத்துக் கம்பியில் மின்காந்தத் தூண்டல். மின்னழுத்தம் மாறினால் நிலைமின் தூண்டல். இரண்டுக்கும் பாடநூலில் ‘தூண்டல்’ என்றே இருப்பதால் ஒரே சொல் இரண்டையும் அள்ளிக்கொள்கிறது. செய்ய வேண்டியதும் வெளிப்படை: அண்டையைத் தள்ளி வை, முடியாவிட்டால் நடுவே ஒரு கிரவுண்டுக் காலை நிறுத்து, சேர்ந்து ஓடும் நீளத்தைக் குறை.

கவசம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ‘மின்கவசம்’ போதும். வரையறையில் மட்டும் ‘கிரவுண்டுடன் இணைந்த’ என்று சேர்த்துவிடுங்கள். இணைக்காமல் மிதக்கும் தகடு ஒரு பக்கத்துத் தொல்லையை வாங்கி மறுபக்கம் கொடுக்கும் தரகராகிவிடும்.

கடைசியாக ‘டீகப்ளிங் கெபாசிட்டர்’. பட்டியலில் ‘பிணைப்பு நீக்கி மின்தேக்கி’ என்று இருக்கிறது. அது எதையும் நீக்குவதில்லை, பக்கத்திலிருந்து கொடுக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் தெருவுக்கு வந்த பிறகும் யாரும் வாசல் தொட்டியை இடிக்கவில்லை. குழாய் நீளம், தண்ணீர் வரும்போதுதான் வரும், அடுப்படிக்கு உடனே வேண்டுமென்றால் தொட்டிதான். மின்வழங்கல் அலகிலிருந்து பலகையில் வரும் செப்புத் தடம் அப்படித்தான் நீளம். நானோநொடியில் கேட்கும் மின்னோட்டத்தை அது தராது. காலுக்குப் பக்கத்தில் உள்ள 100 நானோஃபாரட் தேக்கி தரும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அந்தத் தடத்தின் தூண்டலே குறுக்கே நின்றுவிடும். அதனால் ‘அருகுத் தேக்கி’. பெயரிலேயே நிபந்தனை இருக்கிறது. பெரிய செயலிகளில் பொதியின் மேலேயே பொடிப்பொடியாக இவற்றை ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஓசூர் சிப்காட்டிலிருந்து.

— — —

மறு: மறு: சில்லுப் பொதிக்குள் பிறக்கும் தொல்லைகள்

வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள் என்ற முறையில் மூன்று செய்திகள்.

‘அண்டைத் தூண்டல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. நாளையே வகுப்பில் பயன்படுத்துவேன்.

‘அடிமட்டத் துள்ளல்’ வேண்டாம் சார். கட்சி வாடைக்காகச் சொல்லவில்லை. உங்கள் கணக்கு கிரவுண்டை மட்டும் பார்க்கிறது. எட்டு வெளியீடும் மேலே ஏறும்போது இதே கதை 20-ஆம் காலில் தலைகீழாக நடக்கிறது, சில்லின் மின்வழங்கல் கீழே சரிகிறது. ‘அடி’ என்று கட்டிவிட்டால் மேலே நடப்பதற்கு என்ன சொல்வீர்கள்? அதோடு, அது ஒருமுறை துள்ளி அடங்குவதில்லை. தூண்டலும் தேக்குத்திறனும் சேர்ந்து சில சுற்று ஆடிவிட்டுத்தான் ஓயும். அலைக்காட்டியில் நீங்களே பார்ப்பது அதுதானே? ஓசூரில் வேலைக்குப் போன எங்கள் பழைய மாணவர்கள் “கிரவுண்டு ஆடுது மேடம்” என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் இருப்பதை எடுத்துக்கொள்வோம்: ‘மட்ட ஆட்டம்’. கிரவுண்டில் நடந்தால் கீழ்மட்ட ஆட்டம், மின்வழங்கலில் நடந்தால் மேல்மட்ட ஆட்டம். பர்கூர் ஐயாவின் ‘சப்ளை நாய்ஸ்’ வரிசைக்கும் இதோடு இடம் கிடைத்துவிடும். ‘மட்டவாட்டம்’ என்று புணர்த்த வேண்டாமா என்று இலக்கணம் கேட்பவர்கள் வருவார்கள், வரட்டும், பிரித்தே எழுதுவோம்.

‘அருகுத் தேக்கி’யில்தான் எனக்குத் தயக்கம். பழைய பெயர் பொய் சொல்லவில்லை. ஒரு ஐசி இழுக்கும் வேகமான மின்னோட்டம் பொதுத் தடத்தில் போகாமல் தேக்கியோடே சுற்றி முடிந்துவிடுகிறது. அதனால் பக்கத்து ஐசிக்குத் தொல்லை போகவில்லை. பிணைப்பு உண்மையாகவே அறுகிறது. தவிர, பலகையின் நுழைவாயிலில் பெரிய தேக்கி ஒன்று வைக்கிறோமே, அது எதற்கும் அருகில் இல்லை. அதையும் இதே பெயரில் எழுதினால் பையன் குழம்புவான்.

ஒரு கிளைப்பேச்சு. இந்தச் சண்டையெல்லாம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1916-ல் சேலத்தில் வேறு சிலரோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அன்று தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லா. ஆனால் 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டுமானமும் இயந்திரவியலும்தான் இருந்தன, மின்னணுவியல் இல்லை. தேர்வுத்தாளில் எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி வராத துறையில் சொல் தானாக முளைக்காது. இப்படி உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

— — —

மறு: மறு: மறு: சில்லுப் பொதிக்குள் பிறக்கும் தொல்லைகள்

மேடத்துக்கு வணக்கம்.

‘மட்ட ஆட்டம்’ எடுத்துக்கொள்வோம். கீழ், மேல் என்று பிரிவது என் சொல்லால் முடியாத வேலை. ‘மட்டமான ஆட்டம்’ என்று யாராவது கிண்டல் செய்தால் அதுவும் பொருத்தமே.

தேக்கியைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பிணைப்பு அறுகிறது என்பது விளைவு. அருகில் இருப்பதால்தான் அது அறுகிறது. சுற்றுப்படத்தில் தேக்கியை எங்கே வரைந்தாலும் ஒன்றுதான், பலகையில் அப்படியில்லை. புதிதாகத் தடம் போடும் பையன்கள் வழுக்குவது இங்கேதான்: எண்ணிக்கை சரியாக இருக்கும், எல்லாம் ஒரு மூலையில் வரிசையாக நிற்கும். ‘பிணைப்பு நீக்கி’ என்ற பெயர் அவர்களை ஏன் என்று கேட்க வைக்காது. நுழைவாயிலில் இருப்பதற்கு உங்கள் வாயாலேயே பெயர் கொடுத்துவிட்டீர்கள்: ‘நுழைவுத் தேக்கி’. அது மைக்ரோநொடிக் கணக்கில் கொடுப்பது, அருகுத் தேக்கி நானோநொடிக் கணக்கில் கொடுப்பது. இரண்டு வேலை, இரண்டு பெயர். வரையறையில் ‘பொதுத் தடத்தில் தொல்லை பரவாமல் தடுப்பது’ என்று உங்கள் வரியைச் சேர்த்துவிடலாம்.

பர்கூர் ஐயா, பட்டியலில் இப்படித் திருத்திக்கொள்ளக் கேட்கிறேன்: பொதி, அண்டைத் தூண்டல், மட்ட ஆட்டம், மின்கவசம், அருகுத் தேக்கி, நுழைவுத் தேக்கி. மின்னோட்டம் திரும்பி வரும் வழியான ‘ரிட்டர்ன் பாத்’ இன்னும் பாக்கி. எங்கள் பிரிவுக் குறிப்புகளில் ‘மீள்வழி’ என்று எழுதிவருகிறேன். மறுப்பு இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.