ஃபுல் மாரத்தான் (42.2 கி.மீ.) பயிற்சிக்கு நடுவுல ஹாஃப் (21.1 கி.மீ.) ஓடினவங்க, உங்க அனுபவம்?

அடையாறு:
ஜனவரி ஃபுல்லுக்கு அஞ்சு வாரம் முன்னாடி ஒரு ஹாஃப். ஃபுல்லுக்கு இலக்கு நாலு மணி நேரம்ங்கிறதால கிலோமீட்டருக்கு 5:41 நிமிஷம், அதைவிட வேகமாப் போகக் கூடாதுன்னு கோச் கண்டிப்பா சொல்லியிருந்தார். எட்டு கிலோமீட்டர் சொன்ன பேச்சு கேட்டேன். அப்புறம் எங்க குரூப்ல மூணு பேர் பக்கத்துல வந்து தாண்டிப் போனாங்க. கால் தானா கூடவே போயிடுச்சு. வாட்ச் அதிர்ந்தது: 5:12. மணிக்கட்டுல இருந்த வேர்வைப் பட்டையை இழுத்து வாட்சை மூடிட்டேன்.

ஹாஃப் முடிச்சது 1:52ல. செவ்வாய்க்கிழமை கெண்டைக்கால் பிடிச்சு மாடிப்படி இறங்க முடியல. அடுத்த ஞாயிறு ஓட வேண்டிய 32 கிலோமீட்டர் லாங் ரன் ஓட முடியாமப் போச்சு, அதுக்கடுத்ததும் போச்சு. ஃபுல் 4:26. அந்த நேரம் கூட மனசை விட்டுப் போயிடும், பட்டையை இழுத்தது போக மாட்டேங்குது.

பீளமேடு:
எனக்கு உடன்பாடு இல்லைங்க. அஞ்சு வாரம் இருக்கே, முழு வேகத்துல ஓடினாத்தான் நம்ம நிலைமை தெரியும். நான் கோவை டிசம்பர் குளிர்ல 1:55 ஓடினேன். ஹாஃப் நேரத்தை வச்சு ஃபுல் நேரத்தைக் கணிக்கிற ரீகல் கணக்குப்படி 2.085ஆல பெருக்கினா நாலு மணி நேரம். அதை நம்பி சென்னை வந்தேன். 31வது கிலோமீட்டர்ல தொப்பியைக் கழட்டிப் பிழிஞ்சா துணி துவைச்ச மாதிரி தண்ணி ஊத்துது. 4:31. சென்னைப் புழுக்கத்தைக் கணக்குல சேர்க்காம விட்டதுதான் தப்பு, ஹாஃப்பை வேகமா ஓடினது இல்ல.

வேளச்சேரி:
நான் ஒரு தடவை ஹாஃப்ல, ஓடும்போது சக்திக்காகச் சாப்பிடுற ஜெல்லைப் புதுசா எடுத்து, பதினாலாவது கிலோமீட்டர்ல வயித்தைப் புரட்டி ரோட்டோரம் உக்காந்துட்டேன். அதனால சொல்றேன், ஃபுல்லுக்கு எந்த ஜெல், ஷூ, சாக்ஸோ அதையே ஹாஃப்லயும் போட்டுப் பாருங்க. ஃபுல் அன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கணுமோ அன்னைக்கும் அதே நேரம் எழுந்திருங்க. பேப்பர் கப்பை வாய்ப்பக்கம் கிள்ளிப் பிடிச்சா ஓடிக்கிட்டே குடிக்கலாம், மூக்குல ஏறாது. தொடங்குறதுக்கு முன்னாடி 3, முடிச்சதும் 5 கிலோமீட்டர் மெதுவா ஓடினா மொத்தம் 29, லாங் ரன் கணக்குல சேர்ந்துடும். ஹாஃப்பை முழு வேகத்துல ஓடிட்டீங்கன்னா இந்தக் கூடுதல் ஓட்டம் வேணாம். ஒரு வாரம் வேகப் பயிற்சி பக்கமே போகாதீங்க, வலி இல்லைன்னாலும் சரி.

அடையாறு:
ஜெல், ஷூ எல்லாம் எனக்குச் சரியாத்தான் இருந்தது. பக்கத்துல ஒருத்தர் தாண்டும்போது கால் அடங்கல, அதுதான் பிரச்சனை. இந்த ஞாயிறு மறுபடி ஒரு ஹாஃப். 5:41லயே கடைசி வரைக்கும் வரக்கூடியவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, கூடவே ஓடுறேன்.