வாசிகசாலை ஜன்னலில் வண்ணக் கண்ணாடி: என்ன படம் போடலாம்?

நோர்வூட்காரன்:
எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையைத் திருத்திக் கட்டுகிறோம். முன்பக்க ஜன்னல் 6 அடிக்கு 4 அடி. அதில் மலையகத்தையும் இங்குள்ள எல்லாச் சனங்களையும் காட்டுகிற வண்ணக் கண்ணாடி பதிக்க, கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பணம் அனுப்பியிருக்கிறார்கள். வந்த மாதிரிப் படத்தைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண் கழுத்து நிறைய நகையோடு சிரிக்கிறாள், கூடை இடுப்பில்! என் அம்மா 31 வருடம் கொழுந்தெடுத்தவர். கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் தலையில் இன்றும் முடி இல்லை. படத்தில் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கும் இல்லை, செடி மட்டம் பார்க்கும் மட்டக்கம்பும் இல்லை. பின்னால் சிவனொளிபாதமலை, முக்கோண நிழலோடு. மூலையில் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் நாலும் கலண்டர் படம் போல வரிசையாக. வேறு எப்படிச் செய்யலாம்? நம்மூர் ஈரத்துக்குக் கண்ணாடி தாங்குமா?

கண்டி கண்ணாடிக்காரர்:
தம்பி, முதலில் டிக்கோயா வார்லி தேவாலயத்துக்குப் போய் வாருங்கள். 1878இல் கட்டியது, ஜன்னலில் வண்ணக் கண்ணாடி இருக்கிறது. உள்ளே நின்றும் பாருங்கள், வெளியே நின்றும் பாருங்கள். பகலில் ரோட்டிலிருந்து வெறும் கறுப்பாகத்தான் தெரியும்; ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமென்றால் இரவில் உள்ளே லைட் எரிய வேண்டும். கடும் நீலமும் சிவப்பும் வெளிச்சத்தைக் குடித்துவிடும். மப்பு போட்டிருக்கும் ஊருக்கு வெளிர் பச்சையும் மஞ்சளும்தான் சரி. வெள்ளி உப்பைப் பூசிச் சூளையில் சுட்டால் அருமையான மஞ்சள் வரும்.

ஆறடியையும் ஒரே பலகையாகச் செய்யாதீர்கள், துண்டுகளை இணைக்கும் ஈயம் தொய்ந்து நாளடைவில் வயிறு தள்ளிவிடும். மூன்றாகப் பிரித்துக் குறுக்கே கம்பி கொடுக்க வேண்டும். வெளியே சாதாரணக் கண்ணாடி ஒன்று, நடுவில் காற்றுப் போக இடைவெளி. இடைவெளியை அடைத்தால் உள்ளேயே வேர்த்துக் கொட்டும். இன்னொன்று: ஈயக் கோடு எப்படியும் கறுப்பாகத் தெரியும். அதை மறைக்கப் பார்க்காமல் தேயிலை நிரைகளுக்கு நடுவே ஓடும் பாதையாக்கிவிடுங்கள்.

மஸ்கெலியா டீச்சர்:
அந்த நிழலை எடுக்கச் சொல்லுங்கள் மகன். விடியலில் உச்சியில் நிற்பவர்களுக்குத்தான் அது தெரியும். அதுவும் மேற்கே, இரத்தினபுரிப் பக்கம் விழும். நாம் கிழக்கே இருக்கிறோம்! அந்த நாலு கட்டடமும் எதற்கு? மலை உச்சியில் இருக்கும் அந்தப் பாதம் நமக்குச் சிவன், பௌத்தர்களுக்குப் புத்தர், முஸ்லிம்களுக்கு ஆதம் நபி. சீசனில் மலை ஏறும் நல்லதண்ணிப் பாதையில் இரவு லைட்டுகள் சரமாக ஏறுமே, அந்தச் சரம் எல்லாரையும் கொண்டுவந்துவிடும். அடியில் நம் தோட்டங்களின் காமன் கூத்து ஆடுகிறவர்களுக்கு ஒரு சின்ன இடம் கொடுங்கள். அதை விட்டால் எனக்குக் கோபம் வரும்.

நோர்வூட்காரன்:
டீச்சர், அந்த லைட் சரத்துக்கு அண்ணன் சொன்ன வெள்ளி மஞ்சளைச் சின்னச் சின்னத் துண்டாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் பழைய மாதிரிப் படத்தைக் காட்டினேன். "இவ இப்படிக் கூடை வச்சா மலையில இருந்து உருண்டுருவா" என்றார். முகமே வேண்டாம், குனிந்த முதுகும் கூடையும் போதும் என்று வரைபவரிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு வார்லிக்குப் போகிறேன். அண்ணன், கம்பியோடு சேர்த்துச் சதுர அடிக்கு எவ்வளவு வரும்?