ஔவையாரின் அதியமான் பாடல்கள்: திறனாய்வு நூல்களை எந்த வரிசையில் படிப்பது?

பென்னாகரம் வாசகி:
வணக்கம். முதுகலைத் தமிழ் இறுதியாண்டுக்கு அறுபது பக்கத்தில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்பு: அதியமான் மீது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள். கையில் இருப்பது ஒரு தெளிவுரைப் பதிப்பு மட்டும்தான். "இது பொழிப்புரையாக இருக்கிறது, திறனாய்வாக இல்லை" என்கிறார் நெறியாளர். எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது, திறனாய்வில் எதை முதலில் படிப்பது? தருமபுரி அருங்காட்சியக நடுகற்களையும் சேர்க்கலாமா?

தகடூர்த் தும்பை:
முதலில் எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள். புறநானூற்றில் ஔவையார் பெயரில் 33 பாடல்கள். அதில் அதியமானை, அதாவது நெடுமான் அஞ்சியைப் பாடியவை 87 முதல் 95 வரை, 97 முதல் 101 வரை, பிறகு 103, 104, 206, 231, 232, 235, 315, 390. மகன் பொகுட்டெழினிக்கு 96, 102, 392. ஆக 25. 208-ம் அதியமான் பாட்டுதான், ஆனால் பாடியவர் பெருஞ்சித்திரனார். அதை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பதிப்பு விஷயத்தில் பேச்சே இல்லை: உ.வே.சா. பதிப்புதான் அடிப்படை. முதல் பதிப்பு 1894. பாடபேதமும் ஒப்புமைப் பகுதிகளும் அங்கேதான் கிடைக்கும். பெயர் தெரியாத பழைய உரைகாரரின் உரை முதல் 266 பாடல்களுக்குத்தான் உண்டு. அதனால் 315, 390, 392 மூன்றுக்கும் பழைய உரை கிடையாது. அங்கே ஔவை துரைசாமிப் பிள்ளை உரையைப் பாருங்கள். "உரையாசிரியர் கூறுகிறார்" என்று எழுதும்போது எந்த உரையாசிரியர் என்று சொல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வில் அங்கேயே பிடிப்பார்கள்.

மேற்கோளுக்குப் பக்க எண் போதாது. பாட்டு எண், அடி எண் கொடுங்கள். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தொல்காப்பியத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். இளம்பூரணர் பதிப்பிலும் நச்சினார்க்கினியர் பதிப்பிலும் நூற்பா எண்கள் ஒத்துப்போகாது. எண்ணோடு உரையாசிரியர் பெயரும் வர வேண்டும்.

இன்னொன்று. பாட்டுக்குக் கீழே இருக்கும் திணை, துறைக் குறிப்பைப் புலவரே எழுதியதுபோல் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பிற்காலத்தில் சேர்த்தது. 232-க்கு "பொதுவியல், கையறுநிலை" (இறந்தவரை நினைத்து இரங்குவது) என்று இருக்கும். தொல்காப்பியத்தின் ஏழு புறத்திணையில் பொதுவியல் என்று ஒன்றே இல்லை. அங்கே கையறுநிலை காஞ்சித் திணைக்குள் வருகிறது. பொதுவியல் என்பது பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் நாம் பார்க்கும் மரபு. இந்த முரண்பாட்டை மட்டும் ஒழுங்காக எழுதினாலே உங்களுக்கு ஓர் இயல் தேறிவிடும்.

காவேரிப்பட்டணத்தான்:
தும்பை சொன்னது மூலபாடம் வரைக்கும் சரிங்க. திறனாய்வுக்குன்னு முதல்ல எடுக்க வேண்டியது க. கைலாசபதியோட 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி', ஆக்ஸ்போர்டு வெளியீடு, 1968. தமிழாக்கமும் இருக்கு. சங்கப் பாட்டு வாய்மொழி மரபுல பிறந்தது, ஒரே தொடர் திரும்பத் திரும்ப வர்றதுதான் அதுக்குச் சான்றுன்னு கிரேக்க வீரயுகப் பாடல்களோட ஒப்பிட்டு வாதிடுவார்.

அடுத்து ஜார்ஜ் ஹார்ட், 'தி பொயம்ஸ் ஆஃப் ஏன்ஷியன்ட் தமிழ்', 1975. வாய்மொழி மரபு பாணர்களோடது, எழுத்தறிவுள்ள புலவர்கள் அதை மாதிரியா வெச்சுப் பாடினாங்கன்னு சொல்வார். மூணாவதா ஹெர்மன் டீகனோட 2001 நூல், சங்கப் பாடல்களையே பல நூற்றாண்டு பின்னாடி தள்ளும். அதை ஏத்துக்காதவங்கதான் அதிகம், நானும் அந்தப் பக்கம்தான். ஆனா மறுக்கிறதுக்காவது படிக்கணும். இந்த வரிசையை மாத்தாதீங்க. கைலாசபதியைப் படிக்காம ஹார்ட்டைத் தொட்டா அவர் யாருக்குப் பதில் சொல்றார்னே தெரியாது.

மூணு பேர் கருத்தையும் பத்தி பத்தியா அடுக்கி வெச்சா அது திறனாய்வு ஆகாது. உங்க பாட்டு ஒண்ணுல போட்டுப் பாக்கணும். 232-ல "நடுகற் பீலி சூட்டி" வருது, பீலின்னா மயில் தோகை. 264-ல "அணிமயிற் பீலி சூட்டி", அதுவும் நடுகல்லுக்குத்தான். அகநானூறு 67-ல "பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்". மூணும் வேற வேற புலவர் பாடினது. இதுவரைக்கும் கைலாசபதி பக்கம் நிக்குது. இப்ப 95-ஐ எடுங்க. அதியமானோட பகை மன்னன் தொண்டைமானோட ஆயுதங்களை ஔவையார் சொல்றாங்க: "இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டி". கல்லுக்குப் போடற அலங்காரம் சண்டைக்கே போகாத வேலுக்கு. பக்கத்துலயே அதியமானோட வேல் நுனி சிதைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குது. புகழற மாதிரியே குத்தறாங்க. வழக்கமான தொடரை இப்படித் திருப்பிப் போடறது வாய்மொழிப் பாணருக்கும் முடியுமா, இல்ல யோசிச்சு எழுதற புலவருக்குத்தான் முடியுமா? கைலாசபதிக்கும் ஹார்ட்டுக்கும் நடுவுல உங்க பாட்டே பேச ஆரம்பிச்சிடும்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். இணையத்துல இருக்கிற மூலத்துல "நடுகல்"னு மட்டும் தேடினா 232 வராது, ஏன்னா அங்க புணர்ச்சியில "நடுகற்" ஆயிடுச்சு. 335-ல வெறும் "கல்லே பரவின் அல்லது"ன்னுதான் இருக்கும். சந்தி பிரிச்ச பாடம், பிரிக்காத பாடம் ரெண்டுலயும் தேடி, அப்புறம் அச்சுப் பதிப்போட ஒத்துப் பாருங்க. எண்ணிக்கை கொடுக்கிற ஆய்வேடுகள் தப்பாப் போறது பெரும்பாலும் இங்கதான்.

பென்னாகரம் வாசகி:
நன்றிங்க. 95-ஐ இப்படி 232-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நடுகல் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

ஊத்தங்கரை எழுத்து:
சேர்க்கலாம், ஆனால் 232-க்கு நேர்ச் சான்றாக வேண்டாம். தருமபுரி, செங்கம் பகுதியில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் பெரும்பாலானவை பல்லவர் காலத்தவை, வட்டெழுத்து. அரசன் பெயர், ஆட்சியாண்டு, தொறு (ஆநிரை) மீட்டு உயிர்விட்டவன் பெயர் என்று வாசகம் ஓடும். ஔவையார் பாட்டுக்கும் இவற்றுக்கும் இடையே சில நூற்றாண்டுகள் இருக்கின்றன. "மரபு தொடர்ந்தது" என்று எழுதலாம். "ஔவையார் பாடிய கல் இதுதான்" என்ற தொனி வந்தால் இயல் முழுவதும் கெட்டுவிடும். தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள், தருமபுரிக் கல்வெட்டுகள் தொகுப்புகளிலிருந்து வாசகத்தை எடுங்கள். அருங்காட்சியகப் பலகையை மேற்கோள் காட்ட வேண்டாம்.

காலத்துக்குச் சான்று வேண்டுமானால் ஜம்பைக் கல்வெட்டு. திருக்கோவிலூர்ப் பக்கம், 1981-ல் கண்டறிந்தது, தமிழ் பிராமி: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" (பாளி என்றால் குகை உறைவிடம்). ஐராவதம் மகாதேவனின் 2003 நூலில் வாசிப்பும் விளக்கமும் உள்ளன. 99-ஆம் பாட்டில் அதியமான் கோவலூரை (திருக்கோவிலூர்) அழித்ததை ஔவையார் சொல்கிறார். கல்வெட்டு கிடைத்த இடமும் அந்தப் பக்கம்தான். டீகனுக்குப் பதில் எழுதும்போது இது உதவும். ஆனால் கல்வெட்டு மன்னனுக்குத்தான் சான்று, பாட்டு எழுதிய காலத்துக்கு அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதையும் எழுதிவிடுங்கள்.

தொப்பூர்க் கணவாய்:
ஒரு குறை எல்லோர் பதிலிலும் இருக்கிறது. ஔவையாரை மட்டும் படித்தால் ஒரு தரப்புதான் தெரியும். அதியமானின் தகடூரை (இன்றைய தருமபுரி) வென்ற சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடியது பதிற்றுப்பத்து எட்டாம் பத்து. 78-ஆம் பாட்டில் தகடூர் பெயரோடு வரும். அந்தப் போரைப் பாடிய, மறைந்துபோன தகடூர் யாத்திரை என்ற நூலின் எஞ்சிய செய்யுள்கள் புறத்திரட்டு என்ற தொகை நூலில் இருக்கின்றன. வையாபுரிப் பிள்ளை பதிப்பு பாருங்கள். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்து போன தமிழ் நூல்கள்' அதைப் பற்றித் தனியாகப் பேசுகிறது.

பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகம், கைலாசபதியின் மற்ற நூல்களுக்கு ஈழத்து நூலகம் தளம். அங்கே கிடைக்காவிட்டால் சேலம் பெரியார் பல்கலைக்கழக நூலகம், அதற்கும் மேல் சென்னை ரோஜா முத்தையா நூலகம். புறப்படும் முன் அட்டவணையில் தேடி, புத்தகம் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பில் "சங்ககால ஔவையார்" என்றே போடுங்கள். இல்லாவிட்டால் ஆத்திசூடி ஔவையாரைப் பற்றி முதல் கேள்வி வரும்.